தக்க சான்றுடன் கூடிய துயரம்

ஜோன்ஸைக் கல்லூரி நீக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரி வருத்தப்படும். மும்பை செம்பூரில் ஐந்து மாடிக்கு எழும்பி நிற்கும் அந்தப் பொறியியல் கல்லூரி இன்றுவரை யாரையும் நீக்கியதில்லை. ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, அது ஜோன்ஸுக்கு அனுப்பிய மெயில் இப்படித் தொடங்கியது: “அன்புள்ள கற்போரே, எங்களுடனான உங்கள் பயணத்தின் இந்தக் கட்டம் நிறைவடைந்ததற்கு வாழ்த்துகள்.”

ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்றுதான் ஜோன்ஸ் நினைத்தான். மூன்றாவது பத்திக்கு வந்த பிறகே விஷயம் பிடிபட்டது. மூன்றாம் செமஸ்டரில் அவனுடைய சராசரி பத்துக்கு 3.4. நான்குக்குக் கீழே போனவர்களோடு கல்லூரி தன் ‘கல்வி உறவைத் தளர்த்திக்கொள்கிறது’. தளர்ந்ததற்கு அடையாளமாக ஐ.டி. கார்டை வெள்ளிக்கிழமைக்குள் வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மேல்முறையீடு செய்யலாம்.

அவன் தோற்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கணக்கு புரியவில்லை. நடத்திக்கொண்டிருந்தவர் ஆகஸ்டில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அதன் பிறகு வகுப்பில் வீடியோ போட்டார்கள். வீடியோவில் சத்தம் வரவில்லை. சத்தம் வராத கணக்கை ஜோன்ஸ் இரண்டு மாதம் பார்த்தான். புரியவில்லை என்று எழுந்து சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்வதற்கு அங்கே ஆளும் இல்லை. மேசைக்குக் கீழே போனைப் பார்த்தபடி செமஸ்டரைக் கழித்தான். அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அதே போனைப் பார்த்தவன் மாட்டுங்கா நகுல். அவனுக்கு 3.1.

புதன்கிழமை இருவரும் கல்லூரி அரங்கில் போய் உட்கார்ந்தார்கள். ‘பயனுள்ள மேல்முறையீடு எழுதுவது எப்படி’ என்று பேனர் கட்டியிருந்தது. உறவு தளர்ந்தவர்கள் எண்பத்துமூன்று பேர். கற்போர் நல மையத்தின் தலைவி விஜயராணி மேடம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அன்பாகச் சிரித்தார்.

“பிள்ளைகளே, கமிட்டிக்கும் மனசு இருக்கு. அந்த மனசைத் தொடறதுக்கு ஒரு ஃபார்மேட் இருக்கு, அவ்வளவுதான். முதல் பத்தியில ‘தவறு முழுக்க என்னுடையது’ன்னு எழுதணும். ரெண்டாவது பத்தியில அது உங்க தவறு இல்லைன்னு நிரூபிக்கணும். இதுக்கு நடுவுல வர்றதுதான் துயரம். மொத்தம் நூறு மார்க். துயரத்துக்கு நாற்பது, சான்றுக்கு முப்பது, பொறுப்பேற்றலுக்கு இருபது, மொழிக்குப் பத்து. ஐம்பது எடுத்தா பாஸ்.”

மார்க் எடுக்காததற்காக எழுதும் விண்ணப்பத்துக்கும் மார்க் உண்டு என்று கேட்டதும் அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மேடம் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

“துயரம் செமஸ்டர் தொடங்கின பிறகு தொடங்கியிருக்கணும். ரிசல்ட் வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கணும். முடியாத துயரத்தை நாங்க எடுக்கறதில்லை. அது அடுத்த செமஸ்டரையும் கெடுக்கும் இல்லையா?”

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “மேடம், எங்க தாத்தா இறந்துட்டாரு.”

“எந்தத் தேதி?”

“ஜூன் இருபத்தெட்டு.”

மேடத்தின் முகம் உண்மையிலேயே வாடியது. “செமஸ்டர் ஜூலை ஒண்ணாச்சே. மூணே மூணு நாள். பெரியவங்க இதையெல்லாம் யோசிக்கறதில்லை.”

ஜோன்ஸ் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கையைத் தூக்கினான். “மேடம், வாத்தியாரே வரலைன்னா?”

“கணக்கு வாத்தியார்தானே? அது எங்களுக்கே தெரியும்பா. கமிட்டிக்கு ஏற்கெனவே தெரிஞ்சது புது ஆதாரம் ஆகாது. போன வருஷம் ஒரு பையன் கல்லூரியோட குறை பன்னிரண்டை வரிசையா எழுதினான். பன்னிரண்டும் உண்மை. அதனாலயே ரிஜெக்ட் பண்ண வேண்டியதாப் போச்சு. நீங்க உங்க வீட்டுக்குள்ள பாருங்க. வீட்டுக்குள்ள வெள்ளம், டெங்கு, அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன், இதெல்லாம் எப்பவும் நல்லாப் போகும்.”

நகுல் ஜோன்ஸின் விலாவில் இடித்தான். “டேய், எங்கப்பாவுக்கு நவம்பர்ல பைபாஸ் ஆச்சேடா!”

நவம்பரில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், நகுலின் தோளில் கைபோட்டு நின்றவன்தான் ஜோன்ஸ். அன்றைக்கு அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. இன்றைக்கு அதே பைபாஸைக் கேட்டதும் அடிவயிற்றில் திகுதிகுவென்று ஏதோ பற்றியது. நவம்பர்! செமஸ்டருக்கு நட்டநடு. ஜூலையோடும் ஒட்டாமல் ஜனவரியோடும் ஒட்டாமல் என்ன கச்சிதமாக விழுந்திருக்கிறது! 3.1 வாங்கினவனுக்கு இப்படி ஒரு பைபாஸ், 3.4 வாங்கினவனுக்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மாட்டுங்காவில் நகுலின் வீட்டுக்குப் போனபோது அந்தத் தீ இன்னும் வளர்ந்தது. நகுலின் அப்பா மகாதேவன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். மேல்முறையீட்டை அவரே கையில் எடுத்திருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம்.

“வாடா ஜோன்ஸ், உக்காரு. அறுபத்திரண்டு பக்கம் வந்திருக்கு. இது டிஸ்சார்ஜ் சம்மரி. இது ஆஞ்சியோகிராம், கலர்ல பிரிண்ட் போட்டிருக்கேன். எத்தனையோ ஃபைல் போட்டிருக்கேன் ஆபீஸ்ல, ஒண்ணுகூட இவ்வளவு அழகா அமைஞ்சதில்லை.”

“காபி ஆறறது, முதல்ல குடிக்கச் சொல்லுங்கோ,” என்றாள் நகுலின் அம்மா சுப்புலக்ஷ்மி.

மகாதேவன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி வைத்தார், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், மறுபடி உட்கார்ந்தார். ஜோன்ஸ் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் ஆஞ்சியோகிராமிலேயே இருந்தது. நீலமும் சிவப்புமாக, ஒவ்வொரு பக்கத்திலும் ஆஸ்பத்திரி முத்திரையோடு, துயரம் எவ்வளவு லட்சணமாக இருந்தது!

“உங்காத்துல என்னடா இருக்கு?” என்று மகாதேவன் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல அங்கிள்.”

“ஒண்ணுமேவா?” அவர் குரலில் இரக்கம் இருந்தது. ஜோன்ஸால் தாங்க முடியாமல் போனது அந்த இரக்கம்தான். காபியை அரை டம்ளரோடு வைத்துவிட்டுக் கிளம்பினான்.

தாராவியில் அவர்கள் வீடு மாடியில் இருந்தது. மழைக்குக் கீழ்வரிசை வீடு அத்தனையிலும் முழங்கால் தண்ணீர் ஏறியது. இவர்கள் வீட்டு ஏணியின் மூன்றாம் படியோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு சைஃபுக்குச் செப்டம்பரில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சைஃப் படிப்பதோ பி.காம்., அதுவும் நல்ல மார்க். அவனுக்கு எதற்கு டெங்கு? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். அந்தக் கொசு சுவரைத் தாண்டி வந்திருக்கக் கூடாதா என்று ஜோன்ஸ் மனதார ஏங்கினான்.

கல்லூரி விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா ஏஞ்சலம்மாள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“எம்மா, ஜூலைக்குப் பொறவு நம்ம சொந்தத்துல யாராவது செத்தாங்களா?”

“ஏன்ல இப்படிக் கேக்க? மாதா புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்காவ.”

“ஊருலகூடவா?”

“ஊருலயுந்தான். ஏன், ஒனக்கு இப்பம் யாரு சாவணும்?”

மிச்சம் இருந்தது அப்பா. இன்னாசிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். காலை ஏழு மணிக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அவர் காய்ச்சலில் படுத்து ஜோன்ஸ் பார்த்ததே இல்லை. சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தான்.

“எப்பா, ஒங்களுக்கு நெஞ்சு வலி ஏதும் வருதா?”

“இல்லையே.”

“ஏணி ஏறும்போது மூச்சு வாங்குதா? சும்மா இருக்கும்போது வேர்க்குதா?”

இன்னாசிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “ஏஞ்சலு, கேட்டியா? பிள்ளைக்கு விவரம் வந்துட்டு.”

அந்த ஞாயிறு மாதா கோயிலில் நடந்த மருத்துவ முகாமுக்கு ஜோன்ஸ் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். “இந்த வயசுல இப்படி ஒரு இதயமா! என்ன எக்ஸர்சைஸ் செய்றீங்க?”

இன்னாசிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு, “நடப்பேன் சார்,” என்றார்.

ஜோன்ஸ் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தான். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, பிரஷர் பச்சைப்பிள்ளைக்கு இருப்பதுபோல. வீடு வரும் வழியெல்லாம் அப்பா, பார்த்தவர்களை நிறுத்திச் சொல்லிக்கொண்டு வந்தார்: “எம் மவன்தான் கூட்டிட்டுப் போனான். எனக்கு ஒண்ணும் இல்லியாம்.” ஜோன்ஸுக்கு அழுகையாக வந்தது. அதையும் அவர் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ஜோன்ஸ் உள்ளதையே எழுதினான். ‘தவறு முழுக்க என்னுடையது. எனக்குத் துயரம் எதுவும் நேரவில்லை. தேடிப் பார்த்தேன். என் தந்தையின் உடல்நலம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’

நான்கு நாளில் மதிப்பெண் வந்தது. துயரம்: பூஜ்யம். சான்று: பதினொன்று, ரிப்போர்ட் முத்திரையோடு தெளிவாக இருந்ததாம். பொறுப்பேற்றல்: இருபதுக்கு இருபது. மொழி: ஆறு. மொத்தம் முப்பத்தேழு. முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எடுத்தவர்கள் பெற்றோரில் ஒருவருடன் கமிட்டி முன் நேரில் வரலாம். நகுலுக்குத் தொண்ணூற்றொன்று. இருந்தாலும் அவனும் வர வேண்டும். எண்பதுக்கு மேல் வாங்கினால் கமிட்டி நேரில் பாராட்டும்.

ஏணிப்படியில் வைத்து ஜோன்ஸ் அப்பாவிடம் சொன்னான். மார்க்கையும் மெயிலையும் சொன்னான். நெஞ்சு வலி விசாரித்த காரணத்தை மட்டும் சொல்லவில்லை. இன்னாசிமுத்து கோபப்படவில்லை. கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

“அம்மாட்ட சொல்லிட்டியா?”

“இல்லப்பா.”

“சொல்லாண்டாம். நான் வாரேன்.”

கமிட்டி நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும். இருவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு படியேறினார்கள். உள்ளே மூன்று பேர்: டீன் பத்ரி, விஜயராணி மேடம், எலெக்ட்ரானிக்ஸ் துறையின் ஃபர்ஸானா மேடம். டீன் முலுண்டுத் தமிழர். தமிழர்களிடம் மட்டும் விடாமல் ஆங்கிலம் பேசுவார். இன்றைக்குத் தகப்பனார் வந்திருப்பதால் தமிழுக்கு இறங்கினார்.

“மிஸ்டர் இன்னாசிமுத்து, இந்தக் கல்லூரி ஒரு குடும்பம். குடும்பத்துல யாரையும் வெளியே போகச் சொல்ல மாட்டோம். வெளியே போனவங்களைத் திரும்பி வர விடறதுல மட்டும் கொஞ்சம் கவனமா இருப்போம்.” பிறகு ஜோன்ஸின் விண்ணப்பத்தை எடுத்து உரக்கப் படித்தார். “‘எனக்குத் துயரம் எதுவும் நேரவில்லை. தேடிப் பார்த்தேன். என் தந்தையின் உடல்நலம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’ உங்க பையன் நேர்மையானவன் சார். உங்க இதயத்துல ஏதாவது கிடைக்குமான்னு பார்த்திருக்கான். கிடைக்கலை. அதையும் மறைக்காம இணைச்சிருக்கான்.”

இன்னாசிமுத்து திரும்பி மகனைப் பார்த்தார். ஜோன்ஸ் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் கொதித்தன.

“சார், நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றார் இன்னாசிமுத்து. “எங்க கம்பெனிய ஜூலை மாசம் பூட்டிட்டான். வீட்டுல சொல்லல. அண்ணைக்கிலேருந்து தாதர் மார்க்கெட்டுல வெங்காய மூட்டை தூக்குதேன். இந்தச் சட்டையிலதான் போவேன். அங்க போயி மாத்திக்கிடுவேன். ஏழு மாசம் ஆச்சு.” மகன் பக்கம் திரும்பினார். “டாக்டர் கேட்டாருல்லா, என்ன எக்ஸர்சைஸ்னு. அதுதாம்ல.”

ஃபர்ஸானா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். டீன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“நெகிழ்ந்துபோயிட்டேன். மேடம், கமிட்டி நெகிழ்ந்ததுன்னு குறிப்புல எழுதுங்க. சார், வேலை போனதுக்கு லெட்டர் இருக்கா?”

“பூட்டுதான் சார் இருந்துச்சு.”

“இப்பவும் மூட்டை தூக்கறீங்களா?”

“ஆமா.”

“அப்ப இன்னும் முடியலை,” என்றார் விஜயராணி மேடம், உதட்டைப் பிதுக்கியபடி. பிறகு ஜோன்ஸிடம் திரும்பினார். குரலைத் தணித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுப்பதுபோலக் கேட்டார். “தம்பி, யோசிச்சுச் சொல்லு. செமஸ்டர் நடக்கும்போது இது உனக்குத் தெரியும், இல்லையா? தெரிஞ்சு, மனசு ஒடிஞ்சு, அதனால படிக்க முடியாமப் போச்சு?”

இன்னாசிமுத்து தலையை லேசாக அசைத்தார். ‘தெரியும்னு சொல்லு’ என்று அர்த்தம். மூன்று வாரமாக வயிறு எரிய எரிய ஜோன்ஸ் தேடிய நாற்பது மார்க் மேசைமேல் தயாராக இருந்தது. நகுலுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய துயரம். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் தெரியும் என்று சொன்னால், அப்பா மூட்டை தூக்குவது தெரிந்துகொண்டே மேசைக்குக் கீழே போனைப் பார்த்திருந்தான் என்று ஆகிவிடும்.

“தெரியாது மேடம்,” என்றான்.

டீன் பெருமூச்சு விட்டார். “தெரியாத துயரம் எப்படிப்பா மார்க்கைக் குறைக்கும்? அதோட, ரிப்போர்ட்டைப் பார்த்தா இந்த ஏழு மாசத்துல அப்பாவோட உடம்பு தேறியிருக்குன்னுதான் தெரியுது. குடும்பத்துக்கு இது லாபக் கணக்குல வரும்.”

“கணக்கு வகுப்புக்கு ஆள் போடச் சொல்லி நான் நாலு தடவை எழுதினேன் சார்,” என்றார் ஃபர்ஸானா மேடம்.

“அதுதான் நமக்குத் தெரியுமே மேடம்.”

ஓட்டெடுப்பில் ஃபர்ஸானா மேடம் மட்டும் ஜோன்ஸுக்காகக் கை தூக்கினார். விண்ணப்பம் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. படிவத்தில் ‘ஒருமனதாக’ என்று முன்பே அச்சடித்திருந்தது. எழுந்துகொள்ளும்போது டீன் இன்னாசிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல வேலை கிடைத்துத் துயரம் முடிந்ததும், பதினைந்து நாளைக்குள், அதற்கான கடிதத்தோடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்.

கீழே கேட் பக்கத்தில் வாட்ச்மேனுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் மகாதேவன் உட்கார்ந்திருந்தார். அவரால் படியேற முடியாது. அவர் சொல்ல வேண்டியதை போனில் வீடியோவாக எடுத்து நகுல் மட்டும் மேலே போய்க் காட்டிவிட்டு வந்திருந்தான். பாராட்டு கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு. கேட்டிலிருந்து டாக்ஸி ஐம்பது அடி தள்ளி நின்றது. மகாதேவன் அந்த ஐம்பது அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார்,” என்று இன்னாசிமுத்து குனிந்து தோளைக் கொடுத்தார். மகாதேவனை ஏறக்குறையத் தூக்கியே கொண்டுபோனார். கூடவே பேச்சும் கொடுத்தார்.

நகுல் ஃபைலை மார்போடு அணைத்தபடி பின்னால் நடந்தான். “நாலு மாடியும் ஏறி இறங்கினாராடா உங்கப்பா?”

“ஆமா.”

“மூச்சே வாங்கலையே.”

“வாங்காது.”

நகுலின் கண் இன்னாசிமுத்துவின் முதுகை விட்டு அகலவில்லை. அந்தப் பார்வை எதனால் ஆனது என்று ஜோன்ஸுக்குச் சட்டென்று விளங்கியது. மூன்று வாரமாக அவன் நகுலைப் பார்த்ததும் அப்படித்தான். டாக்ஸி போன பிறகும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றான்.

அப்பாவும் மகனும் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயில் ஏறினார்கள். ரயில் சுனாபட்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது இன்னாசிமுத்து தொண்டையைச் செருமினார்.

“அம்மாட்ட இண்ணைக்குச் சொல்லிருவோம்ல. ஒன்னோடது சின்னது. நீ முதல்ல சொல்லு. அவ அழுது முடிச்ச பொறவு நான் சொல்லுதேன்.”

“நீங்க முதல்ல சொல்லுங்கப்பா. ஒங்களோடத கேட்டா என்னோடது அவங்க காதுலயே ஏறாது.”

“ஆசையப் பாரு,” என்று இன்னாசிமுத்து சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக ஜோன்ஸும் சிரித்தான்.

வீட்டில் ஏஞ்சலம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இன்னாசிமுத்து வாசலிலேயே நின்று ஆரம்பித்தார். “ஏஞ்சலு, கம்பெனில ஒரு விசயம்...”

“பூட்டுனத சொல்லப் போறியளா?” அவள் திரும்பவே இல்லை. “ஆகஸ்டுலயே தெரியும். தையல் கம்பெனிக்குப் போற ஆளு பேண்ட் பையில எதுக்கு வெங்காயத் தோலு கெடக்கு? நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்.” பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். “ஒனக்கு என்னல?”

“காலேஜ்ல இருந்து எடுத்துட்டாங்கம்மா.”

“எதுக்கு?”

“கணக்குல ஃபெயிலு. புரியலம்மா.”

“புரியலன்னா யார்ட்டயாவது கேட்டுப் படிக்கணும். ஃபர்ஸ்ட்டுலயிருந்து படி, வேற காலேஜா இல்ல?” என்றாள் ஏஞ்சலம்மாள். இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “இதச் சொல்லவா ரெண்டு பேரும் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்து நிக்கிய?”